நான்கு நொடிச் செருமல்

வாரண்டி முடிந்து ஒன்பதாவது நாள் காலை பத்து மணிக்கு, ரவுண்டானாவின் நட்டநடுவில் எங்கள் கார் உயிரை விட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவள் என் மனைவி. நான் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் போன லாரியின் முதுகில் ‘தூறம் காக்கவும்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்து இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

“என்னங்க, மிதிக்கிறேன், ஒண்ணுமே ஆகல. ஸ்டீரிங் கல்லு மாதிரி இருக்கு.”

“சாவிய ஒரு தடவை அணைச்சுப் போடு.”

போட்டாள். உள்ளே ஏதோ விர்ரென்று காலியாகச் சுற்றியது. பிடிக்கவில்லை. டாஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது. பின்னால் ஹாரன் மழை. இறங்கித் தள்ளினேன். தண்ணீர்க் கேன் வண்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்து கூடத் தள்ளினார். தள்ளும்போதே, “சர்வீஸ் ஒழுங்கா விட்டீங்களா சார்?” என்று கேட்டார். ஒரு மனிதனை நடுத்தெருவில் வைத்து வேறு எதையாவது கேட்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

ஓரம் கட்டியதும் மனைவி கீழே இறங்கவில்லை. ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“அன்னைக்கே சொன்னேன்ல, செருமுதுன்னு. சர்வீஸ்ல சொன்னீங்கல்ல?”

“சொன்னேன், சொன்னேன்.”

உண்மை சொல்கிறவன் ஒரு முறைதான் சொல்வான். நான் இரண்டு முறை சொன்னேன்.

நடந்தது இதுதான். அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு ஒடிந்தவர்கள், மூட்டு மாற்றியவர்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பவள். மடக்குக் கட்டில், பந்து, மணல் மூட்டை என்று டிக்கி நிறையச் சாமான். ஒரு நாளைக்கு ஆறு வீடு. கார் அவள் பெயரில் இருக்கிறது, அவள் உழைப்பில் வாங்கியது. எனக்கு அது வழியில் இறக்கிவிடும் வாகனம், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு முன் சர்வீசுக்கு விட வேண்டிய நாளில் அவளுக்கு நேரமில்லை. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஒன்று, ஆயில் மாற்றவும். இரண்டு, வைப்பர் ரப்பர் கிழிந்துவிட்டது. மூன்று, காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது வண்டி நான்கு நொடி தொண்டையைச் செருமுகிறது.

நான் பாடநூல் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். இருபத்திரண்டு வருடமாகச் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் எழுதிய முதல் கடிதத்தில் மூன்று ஒற்றுப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பிய மகானுபாவன் நான். அப்படியும் என்னைக் கட்டிக்கொண்டாள் என்பது அவளுடைய பெருந்தன்மை.

சர்வீஸ் நிலையத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து அந்தச் சீட்டைப் படித்தேன். மூன்றாவது வரி உறுத்தியது. வண்டிக்கு ஏது தொண்டை? இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிரிக்க மாட்டார்களா? வேறு சொல் போடலாம் என்று யோசித்தேன். உறுமல்? இல்லை. இரைச்சல்? அதுவும் இல்லை. எந்தச் சொல்லும் சரியாக உட்காரவில்லை. அதற்குள் என் டோக்கன் எண் வந்துவிட்டது. பேனாவை எடுத்து மூன்றாவது வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டு, முனையில் நீக்கலுக்கான ஒரு சுழி சுழித்து, சீட்டை நீட்டினேன்.

“வேற ஏதாவது புகார் இருக்கா சார்?” என்று கேட்டார்கள்.

“வேற ஒண்ணும் இல்ல,” என்றேன்.

இழுவை வண்டி வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மனைவி நோயாளிகள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் வீடு, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். டிரைவரய்யா என்று சொல்வாள். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து ஐந்து மாதம். இன்றைக்குத்தான் பிடி இல்லாமல் நிற்க வைக்கலாம் என்று நாள் குறித்திருந்தாள்.

“சட்டையெல்லாம் போட்டு ஒன்பது மணிக்கே ரெடியாயிட்டாராம்,” என்று ஃபோனை வைத்துவிட்டுச் சொன்னாள். “நாளைக்குன்னு சொன்னா, அவருக்கு நாளைங்கறது புரியறதில்ல.”

அதற்குள் அவள் அண்ணனுக்குச் செய்தி போய், என் ஃபோன் அடித்தது. மச்சானுக்கு உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அதை முன்கூட்டியே சொன்ன பெருமை உண்டு.

“நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள, அந்த கலர் எடுக்காதீங்கன்னு.”

“என்ஜினுக்கும் கலருக்கும் என்ன சம்பந்தம்?”

“அது கெடக்கு. ஒம்பது நாள்தானே தாண்டியிருக்கு? போன சர்வீஸ்லயே புகார் சொன்னோம், நீங்கதான் கவனிக்கலன்னு பிடிங்க. வாரண்டி இருந்தப்பவே சொன்ன புகார்னா அவன் செஞ்சுதான் ஆகணும். சொன்னோம், சொன்னோம்னு அடிச்சுச் சொல்லுங்க.”

அடித்துச் சொல்ல வேண்டுமாம். அடித்துவிட்டு எப்படி அடித்துச் சொல்வது என்று அவரிடம் கேட்க முடியுமா?

சர்வீஸ் நிலையத்தில் ஒன்றும் மாறவில்லை. கண்ணாடிச் சுவர், காபி மெஷின், சத்தமில்லாமல் ஓடும் டி.வி. சுவரில் பெரிய எழுத்தில் ‘உங்கள் திருப்த்தியே எங்கள் வெற்றி’. போன முறையும் அந்தக் கூடுதல் ‘த்’ என்னை முறைத்தது. இன்றைக்கு அதை முறைக்க எனக்குத் தெம்பில்லை.

வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மேல்மூடியைக் கழற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் இரண்டு காபி குடித்தேன், மூன்றாவதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே ஆற விட்டேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், கழிவறைக்குப் போனேன், தேவையில்லாமல் கை கழுவினேன். மனைவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதமாக ஒருவர் விரலை மடக்கக் காத்திருக்கிறவளுக்கு இரண்டு மணி நேரம் ஒரு பொருட்டா?

“ஏன் இப்படி அலையறீங்க? உக்காருங்க. நாமதான் எழுதிக் குடுத்திருக்கோமே.”

அந்த ‘நாம’வைக் கேட்டதும், உட்காரப் போனவன் மறுபடி எழுந்து நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. வாய் வரை வந்ததை மென்று விழுங்கினேன். பழைய சீட்டையெல்லாம் எவன் பத்திரப்படுத்தி வைத்திருப்பான், தொலைந்திருக்கும், தொலைந்திருந்தால் ‘சொன்னேன்’ என்பது ‘சொன்னேன்’ ஆகவே நின்றுவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

தலைமை மெக்கானிக் வெளியே வந்தார். நரைத்த மீசை, கையெல்லாம் கறுப்பு ஆயில். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எங்களுக்கு முன்னால் நின்றார்.

“உள்ள ஒரு செயின் ஓடும்மா, டைமிங் செயின்னு. அத இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன சாமான் இருக்கு. அது தேஞ்சு போச்சு. செயின் நழுவிடுச்சு. வால்வெல்லாம் பிஸ்டன்ல அடிச்சு, வளைஞ்சு, என்ஜின் மொத்தமா போச்சு.”

அவர் தொடர்ந்தார்.

“ஆனா இது சொல்லாம கொள்ளாம வராதும்மா. மாசக்கணக்குல சத்தம் குடுத்திருக்கும். காலையில ஆயில் எல்லாம் கீழ எறங்கிக் கெடக்கும்ல, ஸ்டார்ட் பண்ணுன ஒடனே ஒரு மூணு நாலு நொடி...”

“தொண்டைய செருமற மாதிரி,” என்றாள் மனைவி.

மெக்கானிக் துடைப்பதை நிறுத்தினார். முகம் மலர்ந்துவிட்டது.

“அதேதான்! தொண்டைய செருமற மாதிரி. முப்பது வருசமா இந்தச் சத்தத்த நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம கரகர, கடகடன்னு சொல்லிட்டிருக்கேன். இவ்வளவு கரெக்டா யாரும் சொன்னதில்ல. இத மட்டும் சர்வீஸ்ல சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே அந்தச் சின்ன சாமான மாத்தியிருப்பேன். அரை நாள் வேலை.”

“சொன்னோமே,” என்றாள் அவள். “எழுதியே குடுத்தோம்.”

மெக்கானிக் உடனே உள்ளே திரும்பி, கழுத்தில் டை கட்டிய மேலாளரைக் கூப்பிட்டார். டைக்காரர் தன்மையான மனிதர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். வாரண்டி இருந்தபோதே புகார் பதிவாகியிருந்தால் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் புது என்ஜின் வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றார். சென்ற முறை வண்டியை வாங்கி வைத்த வரவேற்பு அம்மாவிடம் பழைய ஜாப் கார்டைத் தேடச் சொன்னார்.

தொலைந்திருக்காதா என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சீட்டு, ஜாப் கார்டின் பின்னால் ஸ்டேபிள் செய்யப்பட்டு, ஒரு மடிப்பு கூட கலையாமல் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்கான அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.

டைக்காரர் படித்தார். புருவம் சுருங்கியது. “புகார் எழுதியிருக்கு. ஆனா அடிச்சிருக்கே?”

சீட்டை மேசையில் வைத்தார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். எங்கள் தொழிலில் நீக்குகிற வரியைக் கிறுக்கிக் கறுப்பாக்க மாட்டோம். நீக்கியது என்ன என்று பின்னால் பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும், அதனால் மெல்லிசாக ஒரே கோடுதான். அந்தப் பழக்கத்தால் ஒரு எழுத்து கூட மறையவில்லை. வண்டி நான்கு நொடி தொண்டையைச் செருமுகிறது. அதன் மேல் சிவப்புக் கோடு. முனையில் சுழி.

டைக்காரர் வரவேற்பு அம்மாவின் பக்கம் திரும்பினார். அந்த அம்மாவின் காதோரம் ஒரு சிவப்புப் பேனா செருகியிருந்தது.

“நீங்க அடிச்சீங்களாம்மா?”

அந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. “இல்ல சார்... எனக்கு ஞாபகம் இல்ல சார். ஒரு நாளைக்கு நாப்பது வண்டி வருது...”

டைக்காரர் என்னைப் பார்த்தார். “சார், நீங்க குடுக்கும்போது இது அடிச்சிருந்துச்சா, இல்ல எங்க ஆளு அடிச்சதா? எங்க தப்புன்னா சொல்லுங்க. நான் அப்படியே எழுதி அனுப்பறேன். என்ஜின் வந்துடும்.”

ஒரு சொல் போதும். ‘அடிச்சிருக்கல’ என்று சொன்னால் என்ஜின் வரும். மனைவிக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்கு வேலை போகுமோ, திட்டோடு போகுமோ, அது அவர் பாடு.

அப்போதுதான் மனைவியின் விரலைப் பார்த்தேன். சீட்டின் மேல் இருந்தது. சரியாக அந்தச் சுழியின் மேல். அவளுக்குத் தெரியாத சுழியா? ஃப்ரிட்ஜில் ஒட்டிய பால் கணக்கு முதல் மகளின் பள்ளிக் கட்டுரை வரை இருபது வருடமாகப் பார்க்கிற சுழி. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று சும்மா காத்திருந்தாள்.

“நான்தான் அடிச்சேன்,” என்றேன். “அந்தம்மா மேல தப்பில்ல. இங்க ஒக்காந்து நான்தான் அடிச்சேன். வேற ஒண்ணும் இல்லன்னு சொன்னதும் நான்தான்.”

மெக்கானிக், “ஏன் சார்?” என்றார். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

“வண்டிக்குத் தொண்டை கிடையாதுன்னு.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

நான் பேனாவை எடுத்தேன். அடித்த வரியின் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தேன். ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்த்தால், ‘இருகட்டும்’ என்று ஒற்று விட்டுப் போயிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை. திருத்தவில்லை.

“இது என்ன சார்?” என்றார் டைக்காரர்.

“தப்பா அடிச்சுட்டா இப்படித்தான் போடுவோம். அடிச்சது செல்லாது, மொதல்ல இருந்ததே இருக்கட்டும்னு அர்த்தம்.”

அவர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அனுப்பி வைக்கிறேன் சார். அவங்க ஏத்துக்குவாங்கன்னு எனக்குத் தோணல,” என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். மடக்குக் கட்டிலை நான் தூக்கிக்கொண்டேன். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“எழுதினத அடிச்சது கூட பரவால்லங்க. ரோட்டுல நிக்கும்போது சொன்னேன் சொன்னேன்னீங்களே. நாம எழுதிக் குடுத்திருக்கோம்னு நான் அங்க பெருமையா வேற சொல்லிட்டிருந்தேன்.”

“தப்புதான்.”

“நான் தினமும் என்ன வேலை பாக்கறேன்னு தெரியுமா உங்களுக்கு? ஒருத்தர் கால்ல எறும்பு ஊருதும்பாரு. இன்னொருத்தர் தோளு தூங்குதும்பாரு. தோளு தூங்காது, எனக்கும் தெரியும். ஆனா அவங்களுக்கு அப்படித்தான் சொல்ல வருது. அதக் கேட்டுத்தான் எங்க பிடிச்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறேன். அந்தக் காதாலதான் வண்டியையும் கேட்டேன்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ‘மேற்படி புகார் வாடிக்கையாளர் தரப்பிலேயே நீக்கப்பட்டிருப்பதால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.’ ஒரு பிழை இல்லாத கடிதம். இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

மெக்கானிக் தெரிந்த இடத்தில் பழைய என்ஜின் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கிடைக்க ஒரு மாதம் ஆகலாம். ஆறு வீடு மூன்று வீடாகச் சுருங்கிவிட்டது. நான் காலை வேளையில் அரை நாள் விடுப்புப் போட்டுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். டிரைவரய்யா நான்கு நாள் தள்ளிப் பிடி இல்லாமல் நின்றார். பதினோரு நொடி. நான் கதவோரம் நின்று என்னை அறியாமல் எண்ணினேன். அவர் ஏதோ குழறினார், எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவள் குனிந்து கேட்டுவிட்டு, “பிரேக் பிடிக்குதாம்,” என்று சொல்லி அவர் வலக்காலை அரை அடி நகர்த்தி வைத்தாள். அவர் இன்னும் ஐந்து நொடி நின்றார்.

வீட்டில் அவள் என்னுடன் பேசாமல் இல்லை. சாப்பாடு, சாவி, கரண்ட் பில், மகளின் தேர்வு, எல்லாம் பேசினாள். ஆனால் எல்லாமே நறுக்காக, பிழையில்லாமல், திருத்த ஒன்றும் இல்லாத வாக்கியங்களாக வந்தன. அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடு மத்தியானத்தில் எழுந்து புத்தக அலமாரியைத் துடைத்தேன். துடைத்த அலமாரியை மறுபடி துடைத்தேன்.

நேற்றுக் காலை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். கட்டில் என் தோளில். அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாளும் அப்படிச் செய்தது ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின நாளும்.

“கை என்ன ஆச்சு?”

“பஸ் கம்பியப் பிடிச்சது. வேற ஒண்ணும் இல்ல,” என்றாள்.

நான் டோக்கன் மேசையில் சொன்ன அதே மூன்று சொல். அதே மாதிரி, அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டே.

பஸ் வந்தது. அவள் படியில் கால் வைக்கப் போனாள். நான் கட்டிலைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன்.

“வாங்க, போயிடும்.”

“போகட்டும். கை என்ன பண்ணுதுன்னு சொல்லு.”

“அதெல்லாம் சொன்னா உங்களுக்கு...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். கண்டக்டர் கையை வெளியே நீட்டித் தட்டினார். பஸ் கிளம்பியது.

“நீ எப்படிச் சொல்லுவியோ அப்படியே சொல்லு,” என்றேன். “நான் கேக்கறேன்.”

என் சட்டைப் பையைப் பார்த்தாள். பேனா இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.